தம்பிக்கு வந்த ஹவுஸ் டிரைவர் விசா

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தில்லையடியில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு விசா வந்தது.

இதை இப்படித்தான் சொல்ல வேண்டும். எங்கள் புத்தளத்தில் யாரும் விசா எடுப்பதில்லை. விசா வரும். பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் வருவது போல அது எங்கிருந்தோ, யாரோ ஒருவர் தயவில் வரும். "விசா வந்துட்டா?" என்று தெருவில் ஆயிரம் பேர் கேட்பார்கள். "என்ன விசா?" என்று ஒருவர் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

ஜும்ஆ முடிந்து ஆண்கள் வீடு திரும்புவதற்குள் செய்தி தெரு முழுக்கப் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது முன் அறையில் கதிரை போதாமல் பக்கத்து வீட்டிலிருந்தும் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு தட்டில் இனிப்புத் தொதல். இன்னொரு தட்டில் யாரோ அவசரமாகச் சுட்டுக் கொண்டுவந்த பணியாரம். மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று ஒரே சத்தம்.

தம்பி ரியாஸ் சிரித்துக்கொண்டே போனை என்னிடம் நீட்டினான். வாட்ஸ்அப்பில் வந்த விசா. பெயர் சரி. பாஸ்போர்ட் இலக்கம் சரி. தொழில் என்ற இடத்தைப் பார்த்தேன்.

ஹவுஸ் டிரைவர்.

என் தம்பியைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவனிடம் லைசன்ஸ் இருக்கிறது, உண்மைதான். ஆனால் காரை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் இறங்கி நின்று யோசிப்பான். எப்போதும் பைக்தான். அதையும் அவன் மனைவி பர்ஹானாதான் அவனைவிட நன்றாக ஓட்டுவாள்.

"என்னடா இது?" என்றேன்.

"அது சும்மா பேருக்கு, தாத்தா."

(எங்கள் பக்கம் அக்காவைத் தாத்தா என்போம். வெளியூர் வாசகர்கள் எனக்குத் தாடி வைத்துப் பார்க்க வேண்டாம்.)

ரியாஸ் இறால் பண்ணைகளுக்கு ஆலோசனை சொல்கிறவன். முந்தல் பக்கத்திலிருந்து கற்பிட்டி வரை எந்தப் பண்ணையில் இறால் தீன் எடுக்காமல் கரையில் ஒதுங்கினாலும் அவனுக்குத்தான் போன் வரும். பைக்கில் போவான். தண்ணீரைப் பார்ப்பான், இறாலைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பான், பிறகு முதலாளியைத் திட்டுவான். அவன் ஆலோசனை பெரும்பாலும் திட்டுதான். கொழும்பில் படித்த பட்டமும் இருக்கிறது. ஆனால் ஆட்கள் கூப்பிடுவது அந்தத் திட்டுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கரையில் இறால் வளர்ப்பதற்கு ஒரு முறை உண்டு. எல்லாப் பண்ணைக்கும் கடலை ஒட்டிய ஒரே களப்பின் உப்புத் தண்ணீர். ஒருவர் குளத்தில் நோய் வந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் அது அடுத்தவர் குளத்துக்குத்தான் போகும். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் இறால் குஞ்சு விட ஒரு காலம் வைத்திருக்கிறார்கள். உங்கள் முறை வரும் வரை குளத்தைக் காய விட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் களவாகக் குஞ்சு விடுகிறவர்களும் உண்டு. ரியாஸ் அவர்களோடு கதைக்கவே மாட்டான். எவ்வளவு பெரிய முதலாளியாக இருந்தாலும் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான்.

இப்போது வளைகுடா நாடு ஒன்றில், பாலைவனக் கரையில் இருக்கும் மூன்று பண்ணைகள் அவனைக் கேட்டிருக்கின்றன. (நாட்டின் பெயர் வேண்டாமே! அங்கே விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். நாளை ஒருவர் பத்திரிகையை மடித்துக்கொண்டு வந்து என்னைப் பிடிப்பார்.) ஒரு பண்ணையில் சம்பளத்துக்கு நிற்பது அவன் திட்டம் இல்லை. சொந்தமாக ஒரு கன்சல்டன்சி. அவனே முதலாளி, அவனே ஊழியன். மூன்று பண்ணைக்கும் மாறி மாறிப் போய் ஆலோசனை சொல்ல வேண்டும். மகள் ஸைனாவின் பெயரைக் கம்பனிக்கு வைத்து விசிட்டிங் கார்ட்கூட அடித்தாயிற்று.

அந்தக் கனவுக்கு வந்த விசாதான் ஹவுஸ் டிரைவர்.

அனுப்பியவர் வெளியாள் இல்லை. பர்ஹானாவின் வாப்பா காதர் மாமா. அந்த நாட்டில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவர். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே அவருக்குப் பொறுப்பு நின்ற கபீல் இறந்துவிட்டாலும் கபீலின் மகனோடு பழக்கம் விடவில்லை. பெருநாளைக்குப் பெருநாள் போன் போட்டுச் சலாம் சொல்லி, சுகம் விசாரித்துக் காப்பாற்றி வைத்திருந்த பழக்கம். அதை முழுவதுமாகச் செலவழித்து மருமகனுக்கு ஒரு விசா வாங்கியிருக்கிறார். அன்று நடுக் கதிரையில் அத்தர் மணக்க உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் குறை சொல்ல வாய் வராது. எனக்கு வந்தது.

"மாமா, மூணு பண்ணைக்கு ஆலோசனை சொல்லப் போறவனுக்கு டிரைவர் விசாவா?"

"மகள், விசா எண்டா உள்ளுக்குப் போறதுக்குத்தான். உள்ளுக்குப் போனாப் பொறவு வேல நம்மட கையில. நானும் டிரைவர் விசாவிலதான் போனன். டயர் கடையிலதானே நிண்டன்?"

எல்லாரும் சிரித்தார்கள். ரியாஸும் சிரித்தான். குசினி வாசலில் பால் சேர்க்காத பிளேன்ரீ தட்டோடு நின்ற பர்ஹானா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் செல்விக்குப் போன் செய்தேன். செல்வி உடப்புக்காரி. என்னோடு படித்தவள். இப்போது அதே நாட்டில் கம்பனிகளுக்குப் பதிவு வேலை செய்துகொடுக்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்டது இதுதான்.

"அடியே, உன்ட தம்பிக்கு அங்க என்ன செய்யோணும்? உழைக்கோணுமா, கம்பனி நடத்தோணுமா? முதல்ல அதக் கேட்டு எனக்குச் சொல்லு."

பிறகு பொறுமையாக விளக்கினாள். ஒரு பண்ணையே அவனை வேலைக்கு எடுத்து விசா தரலாம். வீடு, வைத்தியம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தலைவலி இல்லை. ஆனால் அந்தப் பண்ணைக்கு மட்டும்தான் வாய் திறக்கலாம். பக்கத்துப் பண்ணையில் இறால் மிதந்தாலும் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். இல்லையென்றால் சொந்தமாகக் கம்பனி பதிந்து, ஆலோசனைத் தொழிலுக்கு லைசன்ஸ் எடுத்து, கம்பனி உரிமையாளராகவே விசா எடுக்கலாம். பட்டத்தைக் கொழும்பில் உறுதிப்படுத்த வேண்டும், அலுவலக முகவரி காட்ட வேண்டும், மாதக் கணக்கில் இழுபடும். ஆனால் முடிந்தால் யாரோடும் ஒப்பந்தம் எழுதலாம், மனைவி பிள்ளையைக் கூப்பிடலாம்.

"அதுக்கு இடையில போய்ப் பாக்க ஏலாதா?" என்றேன்.

"பண்ணைக்காரர் அழைப்புக் கடிதம் தந்தா பிஸ்னஸ் விசிட்டில வரலாம். கதைக்கலாம், இடத்தப் பாக்கலாம். குளத்துல இறங்கி வேல செய்யப்படாது."

"சரி, இந்த டிரைவர் விசா?"

"கன்சல்டன்ட் எண்டா எழுதிக் கையெழுத்து வைக்கோணும். டிரைவர்ட கையெழுத்த எந்தக் கம்பனி எடுக்கும்? நாளைக்கு ஒரு குளம் செத்தா, இவர யாரெண்டே தெரியாது எண்டு சொல்லுவாங்கள். அதுக்குப் பொறவு பொலிஸுக்கு ஒளிச்சு ஓடத்தான் சரி."

போனை வைத்த பிறகும் அவளுடைய முதல் கேள்விதான் காதில் நின்றது. உழைக்க வேண்டுமா, கம்பனி நடத்த வேண்டுமா? எங்கள் ஊரில் யாராவது இதைக் கேட்கிறோமா? மகளுக்குச் சம்பந்தம் வந்தால் மாப்பிள்ளை எங்கே வேலை, என்ன குணம், யாரோடு சேர்கிறார் என்று மதுரங்குளி சந்தி வரை ஆள் அனுப்பி விசாரிக்கிறோம். விசா வந்தால் மட்டும் எதையும் விசாரிக்காமல் தொதல் கிண்டிவிடுகிறோம்.

ஞாயிறு பின்னேரம் தம்பி வீட்டில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். ரியாஸ், பர்ஹானா, காதர் மாமா, நான். செல்வி சொன்னதை அப்படியே சொன்னேன். ரியாஸுக்கு எல்லாம் விளங்கியது. அதுதான் அவனுக்குப் பிரச்சினை. அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"மாசக் கணக்கில அவங்க எனக்காக நிப்பாங்களா, தாத்தா? வேற நாட்டு ஆக்கள் வரிசையில நிக்கிறாங்க. இந்த விசாவில போனா அடுத்த மாசமே குளத்தடியில நிப்பன். போய் நிண்டுட்டு மெதுவா மாத்திக்கொள்ளலாம்."

"முறை வராமக் குஞ்சு விடுறவங்களோட நீ கதைக்கிறதா?"

"அது இறால்."

"நீ இறாலுக்கும் கீழயா போயிட்டாய்?"

அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். காதர் மாமாவுக்குத்தான் கோபம் வந்தது. கத்தவில்லை. அவர் கத்துகிறவர் இல்லை.

"அப்ப நான் கெட்டது செஞ்சிட்டன், என்ன? எத்தன பேர் கேட்டாங்க தெரியுமா இந்த விசாவ? எத்தாளையில இருந்து வந்து கேட்டாங்க. நான் ஒருத்தருக்கும் குடுக்கல்ல. என்ட மகள்ட மாப்புளைக்கு எண்டு வச்சன்."

அவர் சொன்னது முழு உண்மை. எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்கலாம் போல இருந்தது. அப்போதுதான் பர்ஹானா கதைத்தாள்.

அவள் சொன்னது விளங்க வேண்டுமென்றால் அவளுடைய நிக்காஹ்வைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் மாப்பிள்ளை வீட்டு ஆளாக அங்கே இருந்தேன். நிக்காஹ்வில் பெண்ணை ஒப்புக்கொடுப்பது அவள் வாப்பாதான். அவர்தான் வலி. ஆனால் அன்று காதர் மாமா அந்த நாட்டில் இருந்தார். வீட்டு டிரைவர் விசாவில் போய் வெளியே டயர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர். கபீல் நல்ல மனிதர், கண்டும் காணாமல் விட்டிருந்தார். அவர் நோயில் விழுந்ததும் விசாவைப் புதுப்பிக்க ஆள் இல்லை. காதர் மாமா கள்ள ஆளாகிவிட்டார். நாட்டைவிட்டு வெளியே வரவும் முடியாது, வெளிப்படையாக இருக்கவும் முடியாது. பொது மன்னிப்பு ஒன்று வரும் வரை அப்படியே கிடந்தார். மகளின் கல்யாணம் அதற்குள் வந்துவிட்டது.

பர்ஹானாவின் சாச்சா வலியாக நின்றார். காதர் மாமாவைப் போனில் எடுத்து, அந்தப் போனை வெற்றிலைத் தட்டில் வைத்து, தட்டை நிக்காஹ் நடத்தும் லெப்பைக்கு முன்னால் வைத்தார்கள். "என்ட மகளை ஒப்புக்கொடுக்க என்ட தம்பிக்குப் பொறுப்புக் குடுத்தன்" என்று அவர் சொல்ல வேண்டும். பாதியில் லைன் அறுந்துவிட்டது. எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். திரும்ப லைன் கிடைத்தபோது அவர் அழுவதுதான் முதலில் கேட்டது. உள் அறையில் கல்யாணப் பெண்ணாக இருந்தவளுக்கும் அது கேட்டது. நான் அவள் பக்கத்தில் இருந்தேன், அதனால் தெரியும்.

இத்தனை வருடத்தில் அந்தக் கதையை அந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை. ஞாயிறு அன்று பர்ஹானாவும் அதை எடுக்கவில்லை. மெதுவாக இவ்வளவுதான் சொன்னாள்.

"வாப்பா, ஸைனாட நிக்காஹ்வுக்கு அவட வாப்பா பக்கத்துல இரிக்கணும்."

காதர் மாமா எழுந்தார். தொப்பியை எடுத்துப் போட்டார். அஸர் தொழுகை எப்போதோ முடிந்திருந்தது, மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் பள்ளிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பிளேன்ரீ அப்படியே இருந்தது.

"போச்சு" என்றான் ரியாஸ். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு மனிதர் தன்னிடம் இருந்த ஒரே பெரிய பொருளைத் தூக்கிக் கொடுக்கிறார். அது வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறோம். அதுவும் அவருடைய காயத்தைக் காட்டிச் சொல்கிறோம். ஊரார் போல நானும் தொதலைத் தின்றுவிட்டு வந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

அடுத்த நாட்களில் காதர் மாமா யாரோடும் கதைக்கவில்லை. சாப்பிட்டார், தொழுதார், ஸைனாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தார். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரியாஸ் முடிவு எடுக்க முடியாமல் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு நின்றான். விசாவுக்கோ கெடு இருந்தது. அதற்குள் அந்த நாட்டுக்குள் போகாவிட்டால் அது செத்துவிடும்.

புதன்கிழமை பர்ஹானா போன் செய்தாள். கணவனின் அக்காவான என்னை அவள் மச்சி என்றுதான் கூப்பிடுவாள். "மச்சி, கொஞ்சம் வாங்களே. வாப்பா அரபிக்குப் போன் போடுறார்."

நான் ஓடினேன். நான் போகும்போது காதர் மாமா கபீலின் மகனோடு ஸ்பீக்கரில் கதைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அரபு டயர் கடையில் கற்ற அரபு. பாதிக்கு மேல் கைதான் பேசும். போனில் கை தெரியாது என்பதுகூட அவருக்கு நினைவில்லை. எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. திரும்பத் திரும்ப ஒரு சொல்லைச் சொன்னார்: "டாக்டர் ரூபியான்! டாக்டர் ரூபியான்!"

ரூபியான் என்றால் அங்கே இறால். என் மருமகன் டிரைவர் இல்லை, இறாலுக்கு டாக்டர். அவன் டாக்டராகத்தான் உங்கள் நாட்டுக்கு வருவான். இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று விளங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பர்ஹானா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பக்கத்து மனிதர் கோபிக்கவில்லை. பெரிதாகச் சிரித்தார். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றாராம். விசாவை ரத்து செய்துவிடுவதாகச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு உண்மையிலேயே ஒரு வீட்டு டிரைவர் வேண்டுமாம். ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்த ஆள் இருந்தால் அனுப்பச் சொன்னார். இப்போது காதர் மாமா எத்தாளையில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

ரியாஸ் கம்பனி வழியில் போவதென்று முடிவாகிவிட்டது. கதைத்து வர முதலில் பிஸ்னஸ் விசிட்டில் ஒரு நடை. அதற்கிடையில் பதிவு வேலையைச் செல்வி பார்ப்பாள். எல்லாம் நன்றாக முடிந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஒரு பண்ணை காத்திருக்க மாட்டோம் என்று சொல்லி வேறு நாட்டு ஆளை எடுத்துவிட்டது. தம்பி ஒரு நாள் முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தான். மற்ற இரண்டும் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கின்றன. பட்டத்தை உறுதிப்படுத்தக் கொழும்புக்குப் போனபோது காதர் மாமாவும் பஸ் ஏறினார். போகும் வழி முழுக்க ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் தம்பியிடம் கொடுக்கவே இல்லையாம்.

தெருவில்தான் இன்னும் துக்கம் விசாரிக்கிறார்கள். நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றுபோன வீட்டுக்கு வருவது போல வருகிறார்கள், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். "விசா கேன்சலாப் போச்சாமே?"

"போகல்ல. நாங்கதான் வேணாண்டு சொன்னோம்" என்கிறார் காதர் மாமா. அந்த 'நாங்கதான்' என்பதை அவர் அழுத்திச் சொல்வதைக் கேட்க வேண்டும்.

நேற்று அங்கிருந்து கிளம்பும்போது காதர் மாமா வாசல் கேற் வரை கூடவே வந்தார். ஏதோ கேட்க வேண்டும் போலத் தெரிந்தது. கடைசியில் கேட்டார்.

"மகள், ரியாஸ் கம்பனி போட்டாப் பொறவு... மாமனாரையும் அங்க கூப்பிட ஏலுமா?"

"வேலைக்கா, மாமா?"

"சே! வேலைக்கு இல்ல. விசிட்டுக்கு. அங்க கடற்கரையோட ஒரு பெரிய ரோட்டு இரிக்கி. பின்னேரத்துல குடும்பம் குடும்பமா நடப்பாங்க. அவ்வளவு காலம் இருந்தும் நான் அதுல நடக்கல்ல. பொலிஸ் நிக்கும் எண்டு சந்து சந்தாத்தான் போவன்."

செல்வியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பர்ஹானா, ஸைனா எல்லாரோடும் போகலாம் என்றேன். அவர் கேற்றின் கொண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"இந்த முறை பொலிஸக் கண்டா நானே கிட்டப் போய்ச் சலாம் சொல்லுவன், மகள்."